மகன் போனில் பார்ப்பது பாடம்தானா?

அண்ணாச்சி, எம்.பி.பி.எஸ். படிக்கிற மகன் ராத்திரி பூரா போனும் கையுமாக இருக்கிறான், கல்லூரியில் பாடமே நடத்துவதில்லையோ என்று கேட்டிருக்கிறீர்கள். நடத்துகிறார்கள். சில துறைகளில் இப்போது விரிவுரையை வீடியோவாக முந்தின நாளே அனுப்பிவிட்டு, வகுப்பு நேரத்தைக் கேள்விக்கும் கைப்பழக்கத்துக்கும் ஒதுக்குகிறார்கள். காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு இது தோதான முறை. அங்கே வார்டு போஸ்டிங் (நோயாளிகளிடம் நேரடிப் பயிற்சி) சில வாரம்தான். காதுத் துளைக்குள் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எட்டிப் பார்க்கவும் முடியும்.

வீடியோவால் ஆகாதது எது என்று பாருங்கள். செவித்திறன் பார்க்கும் 512 ஹெர்ட்ஸ் டியூனிங் ஃபோர்க்கை (தட்டினால் அதிர்ந்து ஒலிக்கும் இரு கிளைக் கவை) மேசையில் தட்டினால் வேறு சுருதிகளும் கலந்துவிடும். முழங்கையில் தட்ட வேண்டும். அடித்தண்டைக் காதுக்குப் பின்னுள்ள எலும்பில் அழுத்தி வைத்து, அடுத்து காதுத் துளைக்கு முன்னால் 2 செ.மீ. தள்ளிப் பிடித்து, எங்கே சத்தம் கூட என்று கேட்பதுதான் ரின்னி சோதனை. முடியின் மேல் வைப்பதும், விரலால் கிளையைத் தொட்டு அதிர்வை நிறுத்துவதும் வழக்கமான தவறுகள். இன்னொன்று கொஞ்சம் நுணுக்கமானது. ஒரு காது முழுச் செவிடாக இருந்தால், அந்தப் பக்கத்து எலும்பில் வைத்த அதிர்வை மறு காது கேட்டுவிடும். எலும்பில்தான் சத்தம் கூட என்று பதில் வர, மாணவன் அதை வெறும் அடைப்பு வகைக் குறை (சத்தம் உள்ளே போகும் வழியில் தடை) என்று எழுதிவிடுவான். நெற்றி நடுவில் வைக்கிற வெபர் சோதனையில் சத்தம் நல்ல காதுப் பக்கம் போகும்போதுதான் குட்டு வெளிப்படும்.

பேச்சும் அப்படித்தான். வீடியோவில் ‘டின்னிட்டஸ்’, ‘வெர்டைகோ’ என்று வரும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி ஓ.பி.க்கு (வெளிநோயாளிப் பிரிவு) வருகிற ராதாபுரத்து ஆச்சி ‘காது இரையுது’, ‘கிறுகிறுன்னு வருது’ என்பார். இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

பார்க்கும் முறை: 15 நிமிட வீடியோ, சாதாரண வேகத்தில், பகலில். முடிந்ததும் மூடிவிட்டுச் செய்முறையைப் பார்க்காமல் எழுத வேண்டும். எழுத வராத இடமே மறுநாள் வகுப்பில் கேட்க வேண்டிய கேள்வி. இரட்டை வேகத்தில் ராத்திரி 1 மணிக்கு ஓட்டினால் காலை ஓ.பி.யில் தூக்கம்தான் வரும். (மேல்படிப்பு நுழைவுத் தேர்வான நீட் பி.ஜி.க்குரிய செயலிகளின் வீடியோ வேறு ரகம். தேர்வுக் கேள்விக்காகச் செய்தவை. அதற்கு இப்போதே பணம் கட்ட அவசரமில்லை.)

வருகைப்பதிவில் ஏமாந்துவிட வேண்டாம். தியரிக்கு 75 சதவீதம், செய்முறைக்கும் வார்டுக்கும் 80 சதவீதம், தனித்தனியாகக் கணக்கு. வீட்டில் வீடியோ பார்த்தது வார்டு வருகையாகாது.

அடுத்த முறை ஊருக்கு வரும்போது லாக் புக்கைக் கேளுங்கள். எந்தத் தேதியில் எதைச் செய்தான், ஆசிரியர் கையெழுத்து இருக்கிறதா என்று பார்க்க டாக்டர் படிப்பு வேண்டாம். அப்படியே அவனிடம் உங்கள் காதையும் காட்டுங்கள்.