மிச்சத் துணி, கைத்தையல், வீட்டுச் சாயம்: நீங்க கேட்டதும் நான் சொல்றதும்

கேள்வி: அக்கா, எனக்கு வரையவும் வராது, கலர் மேட்சிங்கும் தெரியாது. தைக்கிறவங்கள பார்த்தா ஆசையா இருக்கு. வீட்டுல தைச்சு மிஞ்சின துணியே ஒரு மூட்டை கிடக்கு, தூக்கிப் போட மனசு வரல. கிரியேட்டிவிட்டி இல்லாதவங்க இதுல இறங்கலாமா?

தாராளமா இறங்கலாம்மா. ஒண்ண மட்டும் மாத்திக்கோங்க. டிசைன் யோசிச்சு வச்சுட்டு அதுக்குத் துணி தேடுறத விடுங்க, துணிய கையில எடுத்துட்டு இது என்னவா ஆகும்னு பாருங்க. மிச்சத் துணியில இருக்குற பெரிய வசதியே அதுதான், அரை சாண் அகலம்தான் இருக்கு, ஓரம் கோணலா இருக்கு, நடுவுல ஒரு பூ இருக்குன்னு துணியே பாதி முடிவ எடுத்து வச்சிருக்கும், மீதி பாதிதான் உங்க வேலை.

மூட்டைய கொட்டினதும் கலர் வாரியா பிரிக்கத்தான் கை போகும். மொதல்ல கனம் வாரியா பிரிங்க. ஜீன்ஸ் துண்டையும் வாயில்னு சொல்ற மெல்லிசு காட்டன் துண்டையும் பக்கத்துல வச்சு தைச்சா கனமானது இழுத்து இழுத்து மெல்லிசு தையல் ஓரத்துல கிழிஞ்சுடும். அப்புறம் எல்லாத்தையும் ஒரு தடவ துவைச்சு அயர்ன் பண்ணிடுங்க, தைச்ச பிறகு ஒண்ணு சுருங்கி ஒண்ணு சுருங்காம இருந்தா மொத்தமும் சுருட்டிக்கும். இப்போ உள்ளங்கை அளவுக்கு ஒரு அடித்துணி, அது மேல மூணு துண்டு, ஒண்ணோட ஓரம் இன்னொண்ணு மேல கொஞ்சம் ஏறுற மாதிரி வச்சுப் பாருங்க. நகத்துங்க, திருப்புங்க, ஒண்ண எடுத்துட்டு வேற வைங்க. எப்போ நகத்தத் தோணலையோ அப்போ குண்டூசி குத்திட்டு நேர் ஓட்டம், அதாவது ஊசிய மேல கீழன்னு மாத்தி மாத்தி விட்டு நேரா போற தையல், போட ஆரம்பிங்க. இந்த நகத்தி நகத்திப் பாக்குறதுதான் நீங்க இல்லைன்னு சொல்ற கிரியேட்டிவிட்டி, அதுக்கு வரையத் தெரிய வேண்டாம்.

கர்நாடகாவுல ‘சித்தி’ன்னு ஆப்பிரிக்க வம்சாவளி சமூகம் ஒண்ணு இருக்கு, அந்தப் பெண்கள் பழைய துணியில கவண்டின்னு ஒரு போர்வை தைப்பாங்க. ஓரத்துல ஆரம்பிச்சு ஒவ்வொரு துண்டா வச்சு தைச்சுட்டே, சுத்தி சுத்தி உள்பக்கமா வந்து நடுவுல முடிப்பாங்க. முன்கூட்டியே வரைஞ்ச பேட்டர்ன் எதுவும் கிடையாது, அடுத்து எந்தத் துண்டுன்றத தைக்கும்போதே கை முடிவு பண்ணும். கலர் பத்தி ரொம்ப பயமா இருந்தா நூல மட்டும் ஒரே கலரா வச்சுக்கோங்க, சம்பந்தமே இல்லாத துண்டுங்க கூட அந்த ஒரு நூல்ல ஒண்ணா சேர்ந்துடும்.

கேள்வி: தைக்க உக்காந்தாலே நூல் முடிச்சு விழுந்துடுது, பத்து தையலுக்கு ஒரு தடவ அவிழ்க்க வேண்டி இருக்கு. பொறுமையே போயிடுச்சு மேடம்.

நூல நீளமா எடுக்குறீங்க, அதான். அடிக்கடி கோக்க சோம்பல்பட்டு எல்லாரும் பண்றது. விரல் நுனியில இருந்து முழங்கை வரைக்கும், சுமாரா 45 சென்டிமீட்டர், அவ்வளவு போதும். எம்பிராய்டரி நூல்ல 6 இழை இருக்கும்ல, அதுல ரெண்டு வேணும்னா ரெண்டையும் சேர்த்து இழுக்காதீங்க, ஒவ்வொரு இழையா உருவி எடுத்து அப்புறம் ஒண்ணா சேர்த்து கோத்துக்கோங்க, பாதி சிக்கல் அங்கயே போயிடும். தைக்கும்போது நூல் முறுக்கிக்கிட்டே போகும், அப்பப்போ துணிய மேல தூக்கி ஊசிய தொங்க விடுங்க, அதுவா சுத்தி முறுக்கு பிரிஞ்சிடும். பருத்தி நூலா இருந்தா தேன்மெழுகு மேல ஒரு இழுப்பு இழுத்துக்கலாம். ஊசி வாங்கும்போது நம்பர் கூடக் கூட ஊசி மெல்லிசுன்றதையும் ஞாபகம் வச்சுக்கோங்க, நிறைய பேர் தலைகீழா நினைச்சுட்டு கெட்டித் துணிக்கு மெல்லிசு ஊசி எடுத்து வளைச்சுடுறாங்க.

கேள்வி: வெங்காயத் தோல் வேகவச்சு வெள்ளை காட்டன்ல சாயம் போட்டேன். அழகான ஆரஞ்சு மஞ்சள். ரெண்டு துவையல்ல வெளிறிப் போச்சு. சாயம் நிக்க உப்பும் வினிகரும் போடணும்னு சொன்னாங்க, அதையும் போட்டேன். இயற்கை சாயம்னா இப்படித்தானா?

இல்லவே இல்ல. 1856ல வில்லியம் பெர்கின்னு ஒரு 18 வயசு பையன், மலேரியா மருந்து குயினைன செயற்கையா செய்யப் பார்த்து, தற்செயலா ஊதா சாயம் கண்டுபிடிச்சாரு. செயற்கை சாயத் தொழிலே அங்கதான் ஆரம்பிச்சது. அதுவரைக்கும் உலகம் உடுத்தின கலர் கிட்டத்தட்ட எல்லாமே செடி, பூச்சி, மண்ணு இதுல இருந்து வந்ததுதான், அதெல்லாம் ரெண்டு துவையல்ல போயிருந்தா யாரு போட்டிருப்பா?

உங்க துணியில போனதுக்குக் காரணம் சாயம் பிடிச்சுக்க அங்க ஒண்ணும் இல்லாததுதான். உப்பும் வினிகரும் அந்த வேலைய செய்யாது. செய்யறது படிகாரம். படிகாரத்துல இருக்குற அலுமினியம் ஒரு பக்கம் நாரையும் இன்னொரு பக்கம் சாயத்தையும் பிடிச்சுக்கும். ஆனா பட்டு, கம்பளி மாதிரி பருத்தி படிகாரத்த சுலபமா ஏத்துக்காது, நடுவுல ஒரு துவர்ப்பு வேணும், அதுக்குத்தான் கடுக்காய்.

வரிசைய சொல்றேன், காய்ஞ்ச துணி 100 கிராம்னு வச்சுக்கோங்க. மொதல்ல ஒரு ஸ்பூன் சலவை சோடா போட்ட தண்ணியில ஒரு மணி நேரம் மெதுவா கொதிக்க விடுங்க. பளிச்சுன்னு இருக்குற புது வெள்ளைத் துணியில இருந்து கூட பழுப்பு பழுப்பா தண்ணி இறங்கும், பார்த்தா ஆச்சரியமா இருக்கும், அதெல்லாம் நாருல இருக்குற மெழுகும் நெசவுல போட்ட கஞ்சியும். இது சரியா போயிடுச்சான்னு பாக்க துணிய காயவச்சு ஒரு சொட்டுத் தண்ணி விடுங்க. சொட்டு உருண்டையா மேல நின்னா இன்னொரு தடவ கொதிக்கணும், விட்ட உடனே வட்டமா உள்ள இறங்கினா துணி ரெடி. அடுத்து கடுக்காய்ப் பொடி 15, 20 கிராம் வெந்நீர்ல கரைச்சு துணிய ராத்திரி முழுக்க ஊறப் போடுங்க. லேசா வெண்ணெய் கலர் வரும், அது இருக்கட்டும். பிழிஞ்சுட்டு, படிகாரம் 15 கிராம் கரைச்ச சுடு தண்ணியில இன்னொரு ராத்திரி. இதுக்கு அப்புறம்தான் வெங்காயத் தோல். துணி எடைக்குச் சமமா தோல் எடுத்து ஒரு மணி நேரம் கொதிக்க வச்சு வடிகட்டி, அந்தத் தண்ணியில துணிய போட்டு தளதளன்னு இல்லாம மெல்லிசா கொதிக்கிற சூட்டுல ஒரு மணி நேரம், அடுப்ப அணைச்சுட்டு ஆறுற வரைக்கும் அதுலயே விட்டுடுங்க. நிழல்ல காயவச்சு ஒரு வாரம் தொடாம வச்சுட்டு, காரம் கம்மியான சோப்புல அலசுங்க.

வேலை ஜாஸ்திதான், ஒத்துக்குறேன். ஆனா பெரும்பாலும் ஊறப் போட்டுட்டு வேற வேலை பாக்குற வேலை. ஒண்ணு மட்டும் கண்டிப்பா: சாயத்துக்கு எடுத்த பாத்திரம், கரண்டி மறுபடி சமையலுக்குப் போகக்கூடாது. பாத்திரம் ஸ்டீலா இருக்கட்டும், இரும்புச் சட்டியில போட்டா கலர் கருத்துடும்.

கேள்வி: மஞ்சள்ல போட்ட துணி சோப்பு பட்டதும் சிவப்பா ஆயிடுச்சு! பீட்ரூட்ல போட்டது மொத்தமா போயிடுச்சு. ஏன்?

மஞ்சள் காரம் பட்டா சிவக்கும், எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணியில முக்கினா திரும்ப மஞ்சளாயிடும், துணிக்கு ஒண்ணும் ஆகல. ஆனா வெயில்ல சீக்கிரம் வெளுக்கும், படிகாரம் போட்டாலும் பெரிசா தாங்காது. பீட்ரூட் சாயம் பாத்திரத்துல எவ்வளவு அழகா இருந்தாலும் துணியில நிக்காது, அதுல நேரம் போடாதீங்க. சிவப்பு வேணும்னா மஞ்சிட்டி வேர், ஆனா அத தளதளன்னு கொதிக்க விட்டீங்கன்னா பழுப்பு ஏறிடும், கை சுடுற சூட்டுக்குக் கொஞ்சம் மேல, 60, 70 டிகிரியோட நிறுத்திக்கோங்க. எந்தச் சாயமா இருந்தாலும் பெரிய துணியில இறங்குறதுக்கு முன்னாடி ஒரு துண்டுல போட்டு, பாதிய அட்டையால மூடி ஜன்னல் ஓரம் ரெண்டு வாரம் வச்சுப் பாருங்க. மிச்சத் துணிக்கு இதவிட நல்ல உபயோகம் இல்ல.

கேள்வி: துருப்பிடிச்ச ஆணிய ஊறவச்ச தண்ணியில சாம்பல் கலர் வரும்னு கேள்விப்பட்டேன். நிஜமா?

நிஜம், எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயமும் இதுதான். துரு ஆணி, தண்ணி, கொஞ்சம் வினிகர், ஒரு பாட்டில்ல போட்டு மூடிய இறுக்காம ரெண்டு வாரம் விடுங்க. அத வடிகட்டி, நிறைய தண்ணி கலந்து, கடுக்காய்லயோ மாதுளை ஓட்டுலயோ ஊறின துணிய அதுல முக்குங்க. வெளிர் மஞ்சளா இருந்தது கண்ணு முன்னாடியே சாம்பலாகி, கரும் சாம்பலாகி, நீல ஓட்டத்தோட நிக்கும். துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தா இந்தக் கருப்பு, கலம்காரியில கருப்புக் கோடு போடுறதும் இதே கணக்குதான். முழுசா முக்காம ஒரு பிரஷ்ல தொட்டு கடுக்காய்த் துணி மேல கோடு இழுத்துப் பாருங்க, வரைய வராதுன்னு சொல்றவங்க கூட சும்மா கோடா இழுத்துட்டே இருப்பாங்க. ஆனா இரும்பு அதிகமானா நார் இத்துப் போகும், அதனால ஒரு சில நிமிஷத்துல எடுத்து நல்லா அலசிடுங்க, அப்படியே ஊற விட்டுட்டுப் போகாதீங்க. இந்தத் தண்ணிய குழந்தைங்க கைக்கு எட்டாம வைங்க.

கேள்வி: நீலம் எப்படி கொண்டு வர்றது?

அவுரிதான் (இண்டிகோ) வழி, ஆனா மத்த சாயம் மாதிரி கொதிக்க வச்சு வராது. அவுரி நீலம் தண்ணியில கரையாது, தொட்டித் தண்ணியில ஆக்சிஜன் இல்லாம பண்ணினாதான் கரையும். பிரான்ஸ் நாட்டு சாய நிபுணர் மிஷேல் கார்சியா பரப்பின 1-2-3 முறை வீட்டுக்கு லேசு: 1 பங்கு அவுரிப் பொடி, 2 பங்கு சுண்ணாம்பு, 3 பங்கு ஃப்ரக்டோஸ் சர்க்கரை. தொட்டி தயாரானா தண்ணி மஞ்சள் கலந்த பச்சையா இருக்கும், துணியும் பச்சையாத்தான் வெளிய வரும், காத்து பட்ட இடமெல்லாம் நீலமாகும். சுண்ணாம்பு கைய அரிக்கும், கிளவுஸ் கட்டாயம். இதுக்குப் படிகாரமும் வேண்டாம்.

கேள்வி: என்கிட்ட இருக்குற துண்டுங்க காட்டனா பாலியஸ்டரான்னே தெரியல.

ஓரத்துல நாலு நூல் உருவி இடுக்கியில பிடிச்சு கொளுத்துங்க, பக்கத்துல தண்ணி இருக்கட்டும். காகிதம் எரியுற வாசனை, மெத்துன்னு சாம்பல்னா பருத்தி. முடி கருகுற வாசனைன்னா பட்டு, கம்பளி. உருகி, ஆறினதும் கெட்டியா ஒரு மணியா நின்னா பாலியஸ்டர், அதுல இயற்கை சாயம் ஏறாது, தைக்க மட்டும் எடுத்துக்கோங்க.

கேள்வி: எனக்கு வயசு 60 தாண்டிடுச்சு, ரிட்டயர் ஆனவன். ரொம்ப நாளா போடுற சட்டை முழங்கையில நைஞ்சு போச்சு, நானே தைச்சுப் போடலாம்னு ஒரு எண்ணம். தெரியாம தைக்கிறது எப்படிம்மா?

ஐயா, தெரியுற மாதிரியே தைங்களேன். நைஞ்ச இடத்துல தெரியாம தைக்கிறது கை பழகினவங்களுக்கே கஷ்டம், தெரியுற மாதிரி தைச்சா அதுவே ஒரு வேலைப்பாடா நிக்கும். ஜப்பான்ல குளிர் பிரதேசத்துல பருத்தி கிடைக்காத காலத்துல ஏழை விவசாயிங்க ஒட்டு மேல ஒட்டு போட்டு தலைமுறையா உடுத்தின துணிதான் போரோ, அந்த ஒட்டுகள பிடிச்சு வச்ச நேர் ஓட்டத் தையல்தான் சாஷிகோ, இன்னைக்கு அதெல்லாம் மியூசியத்துல இருக்கு.

உங்க சட்டைக்கு, உள்பக்கமா அதே கனத்துல ஒரு துணி வைங்க, நைஞ்ச இடத்தவிட சுத்தி ரெண்டு விரல் கூடுதலா. நல்ல துணி வரைக்கும் தையல் போகணும், நைஞ்சதோட ஓரத்துலயே நிறுத்தினா அங்கயே மறுபடி கிழியும். வரிசை வரிசையா நேர் ஓட்டம், ஒவ்வொரு வரிசை திரும்புற இடத்துலயும் நூல இறுக்காம குட்டியா ஒரு வளையம் விடுங்க, முழங்கை மடக்குற இடம், துணி கொஞ்சம் அசையணும். கண்ணுக்கு சிரமம்னா ஊசி காது பின்னாடி ஒரு வெள்ளைக் காகிதம் வச்சு நூல கோத்துக்கோங்க, காது நல்லாத் தெரியும்.

கேள்வி: என் தையல் ஒண்ணு நீளம் ஒண்ணு குட்டை. வேலைக்குப் போறதால தினமும் உக்காரவும் முடியல, பாதியில நிக்குறதே நிறைய. விட்டுடலாமான்னு இருக்கு அக்கா.

விட்டுடாதீங்கம்மா. அமெரிக்காவுல அலபாமா மாநிலத்துல ஜீஸ் பெண்டுன்னு ஒரு ஊர், அங்க கருப்பினப் பெண்கள் வேலைக்குப் போட்டு நைஞ்ச துணியில தைச்ச போர்வைகள்ல கோடு நேரா போகாது, கட்டம் கோணும். 2002ல அத ஹியூஸ்டன் மியூசியத்துல வச்சாங்க, 2006ல அதே போர்வைகள் அமெரிக்க தபால் தலையில வந்துச்சு. அந்தக் கோணலத்தான் எல்லாரும் நின்னு பாக்குறாங்க. வங்காளத்துக் காந்தா வேலையில பழைய புடவைகள அடுக்கி, புடவை ஓரத்துல இருந்தே நூல உருவி ஓட்டம் போட்டிருப்பாங்க, அதுவும் வீட்டு வேலைக்கு நடுவுல கிடைச்ச நேரத்துல நடந்ததுதான்.

தையல் சமமா வரணும்னு உங்களுக்கே ஆசை இருந்தா, ஒவ்வொரு தையலா குத்தி எடுக்காம ஊசியில நாலஞ்சு மடிப்பு ஏத்திட்டு ஒரே இழுப்பா இழுங்க, அளவு தானா ஒண்ணா வரும். நேரத்துக்கு ஒரு வழி, பெரிய துணியில இறங்காதீங்க, உள்ளங்கை அளவு துண்டுங்களா தைச்சு சேர்த்துட்டே வாங்க, ஒவ்வொண்ணும் முடிஞ்சதாவே இருக்கும், நாளைக்குச் சேர்த்தா போர்வை, சேர்க்கலைன்னா பை. ஒவ்வொரு தடவ எழுந்திரிக்கும்போதும் அடுத்த நூல கோத்து துணியிலயே குத்தி வச்சுட்டு எழுந்திரிங்க. உக்காந்ததும் நூல் தேடி, ஊசி தேடி, கோக்கவே பத்து நிமிஷம் போனா யாருக்கும் அலுத்துடும், ஊசி ரெடியா இருந்தா ஃபோன் பேசுற நேரத்துல கூட ஒரு வரிசை ஓடிடும்.