ஐந்து ஜான்களில் நம்ம ஜான் யார்?

கேள்வி: என் கணவர் இங்கிலாந்துக்காரர். மாமனார் வீட்டுப் பரணில் கிடந்த பழைய பைபிளின் முன்பக்கத்தில் ‘ஜான், பிறப்பு 1829 மார்ச் 14, மேரியை மணந்தது 1853’ என்று எழுதியிருக்கிறது. மாமனாருக்கு அவர் கொள்ளுத் தாத்தாவாம். நார்ஃபோக்கில் பெரிய பண்ணைக்காரர் என்று வீட்டில் பேச்சு. இணையத்தில் தேடினால் அதே குடும்பப் பெயரோடு, அந்தக் காலத்தில் நார்ஃபோக்கில் ஞானஸ்நானம் பெற்ற ஜான்கள் ஐந்து பேர் வருகிறார்கள். பிறப்புச் சான்றிதழ் வாங்கிவிட்டால் யார் என்று தெரிந்துவிடாதா?
— வாசகி, லெஸ்டர்

பதில்: அவருக்கு அப்படி ஒரு சான்றிதழே இருக்காது அம்மா. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் அரசே பதியத் தொடங்கியது 1837 ஜூலை 1-ம் தேதிதான். அதற்கு முன்னால் எல்லாம் தேவாலயத்து ஏடுகளே கதி.

முதலில் அந்தப் பைபிளையே கொஞ்சம் சந்தேகப்படுங்கள். அச்சிட்ட ஆண்டு தலைப்புப் பக்கத்தில் இருக்கும். அது 1860-க்குப் பிறகு என்றால், 1829-ம் ஆண்டுக் குறிப்பைப் பிற்பாடு யாரோ நினைவிலிருந்து எழுதியிருக்கிறார்கள். ஒரே மை, ஒரே கையெழுத்து, வரிசையாகப் பத்துப் பெயர் என்றாலும் அப்படித்தான். ஒவ்வொரு பிள்ளைக்கும் மை மாறி, பேனா மாறி இருந்தால் மதிப்பு அதிகம்.

அடுத்தது 1853 திருமணம். நீங்கள் பிடிக்க வேண்டிய முதல் நூலிழை அதுதான். 1837-க்குப் பிறகு நடந்த திருமணப் பதிவில் மாப்பிள்ளை, பெண் இருவருடைய அப்பாக்களின் பெயரும் தொழிலும் இருக்கும். அப்பா பெயர் தெரிந்த உடனே ஐந்து ஜான்களில் பாதிப் பேர் கழன்றுகொள்வார்கள். வயதுக் கட்டத்தில் ‘முழு வயது’ என்று மட்டும் போட்டிருந்தால் இருபத்தொன்றோ அதற்கு மேலோ என்று அர்த்தம்; அதை வைத்துக் கணக்குப் போட முடியாது. இன்னொன்று: லண்டன் தலைமைப் பதிவகத்துக்குப் போனது, பாதிரியார் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்து எழுதி அனுப்பிய நகல். ஜானும் மேரியும் தங்கள் கையால் போட்ட கையெழுத்தோ, எழுதத் தெரியாதவர் போடும் பெருக்கல் குறியோ தேவாலயத்து மூல ஏட்டில்தான் கிடைக்கும். நார்ஃபோக் தேவாலயங்களின் பழைய ஏடுகள் பெரும்பாலும் நாரிச்சில் உள்ள நார்ஃபோக் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பல ஏடுகளின் படங்கள் இணையத்திலேயே வந்துவிட்டன. சாட்சிகளின் பெயரையும் குறித்து வையுங்கள், பல சமயம் அண்ணன் தங்கையே நிற்பார்கள்.

பிறகு சென்சஸ். 1851 மார்ச் 30 கணக்கெடுப்பில் ஒவ்வொருவரும் எந்த ஊரில் பிறந்தார் என்று கேட்டு எழுதினார்கள். 1861, 1871 கணக்குகளையும் எடுத்து, மூன்றிலும் ஜான் சொன்ன ஊர் ஒன்றுதானா என்று பாருங்கள். 1841 கணக்கில் உறவுமுறையே எழுதவில்லை, பெரியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்துப் போட்டார்கள். ஆனால் ஜானுக்கு அப்போது பன்னிரண்டு வயது. சிறுவர்களின் வயதை அப்படிக் குறைக்கச் சொல்லவில்லை என்பதால் அவர் யார் வீட்டில் இருந்தார் என்று அதிலும் தேடலாம்.

சரி, ஊர் தெரிந்துவிட்டது, அப்பா பெயரும் தெரிந்துவிட்டது. அப்போதும் இரண்டு ஜான் மிஞ்சலாம். நம்மைப் போலவே அவர்களும் தாத்தா பெயரைப் பேரன்களுக்கு வைக்கிறவர்கள். பக்கத்து ஊர்ச் சித்தப்பா வீட்டிலும் ஒரு ஜான் இருப்பான். இங்கேதான் பலரும் ஞானஸ்நான ஏட்டை மட்டும் பார்த்துவிட்டு, பிடித்த ஜானைத் தாத்தாவாக்கிக்கொள்கிறார்கள். அடக்க ஏட்டையும் புரட்டுங்கள். 1813 முதல் அது அச்சடித்த படிவம், பக்கத்துக்கு எட்டுப் பேர்: பெயர், ஊர், அடக்கம் செய்த நாள், வயது, சடங்கு நடத்தியவர். அப்பா பெயருக்குக் கட்டம் கிடையாது. 1829-ல் ஞானஸ்நானம் பெற்ற ஒரு ஜானின் ஊரிலேயே 1830-ல் ‘ஜான், வயது 1’ என்று ஒரு வரி இருந்தால், பெரும்பாலும் அந்த ஜான் 1853-ல் கல்யாணம் செய்திருக்க மாட்டான். அதே பெற்றோருக்கு 1831-ல் இன்னொரு ஜான் பிறந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். இறந்த பிள்ளையின் பெயரை அடுத்த பிள்ளைக்கு வைப்பது அங்கே சாதாரணம்.

எந்த ஜானும் பொருந்தவில்லையா? மெதடிஸ்ட், பாப்டிஸ்ட் குடும்பமாக இருக்கலாம். அந்தச் சபைகளின் பழைய ஏடுகள் பலவற்றை 1837-க்குப் பிறகு அரசு வாங்கி வைத்தது. இப்போது அவை லண்டனின் க்யூ (Kew) பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

பண்ணைக்காரர் விஷயம்: 1851 கணக்கில் சொந்தமாக விவசாயம் நடத்தியவர்கள் எத்தனை ஏக்கர், எத்தனை ஆள் என்று சொல்ல வேண்டும். ஞானஸ்நான ஏட்டிலும் அப்பாவின் தொழிலுக்குத் தனிக் கட்டம் உண்டு. இரண்டிலும் ‘கூலியாள்’ என்றிருந்தால் மாமனாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். எல்லோர் வீட்டுக் கதையிலும் நிலம் இருக்கிறது, ஏட்டில்தான் இருப்பதில்லை.

கேள்வி: நாங்கள் ஆங்கிலோ-இந்தியர்கள். பாட்டியின் தாத்தா இங்கிலாந்திலிருந்து சிப்பாயாக வந்து மெட்ராஸிலேயே தங்கிவிட்டவர். சொந்த ஊர் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
— வாசகர், பெரம்பூர்

பதில்: இங்கிலாந்துக்குப் பிறகு போகலாம், மெட்ராஸில் தொடங்குங்கள். இங்கே நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் இவற்றின் நகல்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில், இந்தியா அலுவலக ஆவணங்களில் மெட்ராஸ் வரிசையாக இருக்கின்றன. அவற்றில் அவருடைய படைப்பிரிவின் பெயரைப் பிடியுங்கள், மீதி அதில்தான் இருக்கிறது. அரசரின் படை என்றால் லண்டன் க்யூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், கிழக்கிந்தியக் கம்பெனியின் ஐரோப்பியப் படை என்றால் பிரிட்டிஷ் நூலகத்தில். ஓய்வூதியத்தோடு விடுபட்ட அரசப் படைச் சிப்பாயின் விடுவிப்புத் தாளில் பிறந்த பாரிஷின் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர்ப்பகுதி) பெயரே இருக்கும். பணியிலேயே இறந்தவருக்கு அந்தத் தாள் பெரும்பாலும் இருக்காது; அவருக்குப் படைப்பிரிவின் ஆட்பட்டியல்தான் வழி.

கேள்வி: இணையத்தில் ஒருவர் எங்கள் வம்சத்தை 1066 வரை கொண்டுபோயிருக்கிறார். நம்பலாமா?
— வாசகர், கோவை

பதில்: பாரிஷ் ஏடு எழுத உத்தரவு போட்டதே 1538-ல். 1598-ல் பழைய தாள்களைத் தோல் ஏட்டில் பெயர்த்தெழுதச் சொன்னபோது, முதலாம் எலிசபெத் அரசியான 1558-லிருந்து எழுதினாலும் போதும் என்று விட்டுவிட்டார்கள். அதனால் பல ஊர்களில் கதை 1558-ல்தான் தொடங்குகிறது. பிரபுக் குடும்பம் என்றால் அதற்கு முன்னும் நிலப் பத்திரம், உயில் என்று ஏதாவது இருக்கும். உங்கள் ஆள் எந்த ஆவணத்தை வைத்து ஐந்நூறு ஆண்டைத் தாண்டினார் என்று அவரையே கேளுங்கள்.