லெவல் பிளக்கை முதலில் கழற்றுங்கள்

கேள்வி: என் பிக்கப் 70,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. இன்ஜின் ஆயிலை நானே மாற்றிக்கொள்கிறேன். பின் ஆக்சிலில் இருக்கும் டிஃபரன்ஷியல் ஆயிலை மட்டும் இதுவரை யாரும் தொட்டதில்லை. அதையும் வீட்டிலேயே மாற்றலாமா? அந்த உருண்டைப் பெட்டியைப் பார்த்தாலே கைவைக்கத் தயக்கமாக இருக்கிறது.

பதில்: தாராளமாக மாற்றலாம். இன்ஜினின் சக்தியை இரு பின் சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் கியர்கள்தான் அந்தப் பெட்டிக்குள் இருக்கின்றன. இன்ஜின் ஆயிலைவிட இது சுலபம் என்றே சொல்வேன். ஃபில்டர் கிடையாது, பிக்கப்பின் அடியில் மனிதன் புகுந்து படுக்க இடமும் இருக்கிறது. பெரும்பாலும் ஜாக்கே வேண்டியதில்லை. சமதரையில் நிறுத்திக் கைப் பிரேக்கை இழுத்துவிட்டு, முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுங்கள். தூக்கித்தான் ஆகவேண்டும் என்றால் ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே போகாதீர்கள். ஆக்சிலுக்கு ஸ்டாண்ட் கொடுங்கள். பின்புறத்தை மட்டும் உயர்த்தினால் டிஃபரன்ஷியல் முன்னால் சாய்ந்து, ஆயில் அளவு பொய் சொல்லும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வேலைக்கு முன் வண்டியைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டு வாருங்கள். குளிர்ந்த கியர் ஆயில் பாகு போலச் சொட்டிக்கொண்டிருக்கும். வெதுவெதுப்பாக இருந்தால் அடியில் படிந்த கசடையும் சேர்த்து இழுத்துக்கொண்டு இறங்கும்.

இனி முக்கியமான விஷயம். பெட்டியில் இரண்டு பிளக்குகள் இருக்கும். அடியில் இருப்பது ஆயிலை வடிக்கும் டிரெயின் பிளக். பாதி உயரத்துக்குச் சற்று மேலோ கீழோ இருப்பது லெவல் பிளக். அதன் வழியாகத்தான் புது ஆயில் ஊற்ற வேண்டும். முதலில் கழற்ற வேண்டியது இந்த லெவல் பிளக்கை.

தொழில் பழகிய முதல் ஆண்டில் நான் இதைத் தலைகீழாகச் செய்தேன். டிரெயின் பிளக்கைத் திறந்து, ஆயில் முழுவதும் வடிந்த திருப்தியில் லெவல் பிளக்கில் ராட்செட்டை வைத்தேன். அசையவில்லை. ராட்செட்டின் கைப்பிடியில் நீளக் குழாய் மாட்டி இழுத்தேன். பிளக்கின் சதுரக் குழி மழுங்கி ராட்செட் வெறுமனே சுற்றியது. என் விரல் முட்டியின் தோல் ஸ்பிரிங் பட்டையில் போனது. ஆயில் இல்லாத வண்டியை ஓட்டவும் முடியாது, ஆயில் ஊற்றவும் வழியில்லை. அந்தப் பிளக்கின் மேல் ஒரு நட்டை வெல்டிங் வைத்துத் திருகி எடுக்கும்வரை இரண்டு நாள் வண்டி அங்கேயே நின்றது. மேஸ்திரி திட்டக்கூட இல்லை. அதுதான் அதிகமாக வலித்தது.

ஆகவே, முந்தின இரவே லெவல் பிளக்கைச் சுற்றிச் சுரண்டிச் சுத்தம் செய்து, துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். குழியில் அப்பியிருக்கும் மண்ணை ஆணியால் குத்தி எடுங்கள். மண் இருந்தால் கருவி முழுதாக உட்காராது. அது கழன்று கைக்கு வந்த பிறகு டிரெயின் பிளக்குக்குப் போங்கள். சில வண்டிகளில் டிரெயின் பிளக்கே இராது; பின்மூடியைத்தான் கழற்ற வேண்டும். மேலே இரண்டு போல்ட்டுகளைத் தளர்த்தி அப்படியே விட்டு, மற்றவற்றை எடுத்துவிட்டு மூடியின் அடிப்பகுதியை மெல்ல நெம்புங்கள். எல்லாவற்றையும் கழற்றினால் ஆயிலும் மூடியும் சேர்ந்து உங்கள் மார்பில் இறங்கும்.

டிரெயின் பிளக்கைப் புது வாஷருடன் பூட்டிவிட்டு ஆயில் ஏற்றுங்கள். கைப் பம்பு இருந்தால் நல்லது. இல்லையென்றால் பாட்டிலின் வாயில் குழாயை மாட்டி அழுத்தலாம். பாட்டிலை வெந்நீரில் சற்று வைத்திருந்தால் கை நோகாது. லெவல் துளையின் கீழ் விளிம்பைத் தொட்டு ஆயில் வழியத் தொடங்கினால் போதும், அதுதான் அளவு. பிக்கப்புகளில் பொதுவாக இரண்டு, மூன்று லிட்டர் பிடிக்கும். சரியான கணக்கு கையேட்டில் இருக்கும். பழைய ஆயிலை மண்ணிலோ சாக்கடையிலோ ஊற்றாதீர்கள். டப்பாவில் அடைத்து, பழைய ஆயில் எடுத்துக்கொள்ளும் இடத்தில் சேர்த்துவிடுங்கள்.

அடியில் படுத்திருக்கும்போதே ஆக்சிலின் மேல் இருக்கும் பிரீதரையும், அதாவது காற்றுப் போக்கியையும், பாருங்கள். கட்டைவிரல் அளவு சின்ன மூடி, அல்லது மேலே போகும் மெல்லிய குழாய். அது மண்ணால் அடைத்துக்கொண்டால் உள்ளே சூடாகும் காற்றுக்குப் போக்கிடம் இல்லாமல், கசிவைத் தடுக்கும் வளையமான சீலைத் தள்ளிக்கொண்டு ஆயில் வெளியே வரும். அந்த ஆயில் பின் பிரேக்கை நனைத்துவிடும். சீலை மாற்றிவிட்டு பிரீதரைக் கவனிக்காமல், அடுத்த மாதமே அதே கசிவுடன் திரும்பி வந்த வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: ஆயில் மாற்றும்போது டிரெயின் பிளக்கின் காந்தத்தில் கருஞ்சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தது. கியர் தேய்ந்துவிட்டதா?

பதில்: அதை இரு விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தீர்களா? கண்மை போல வழவழப்பாக இருந்தால் கவலை வேண்டாம். பற்கள் உரசி ஓடும்போது வரும் நுண்துகள் அது. பிடித்து வைக்கத்தான் காந்தம். துடைத்துவிட்டுப் பூட்டுங்கள். விரலில் குத்தும் செதிலோ பல்லின் உடைந்த துண்டோ இருந்தால் வண்டியை ஓட்டாமல் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும்.

ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. சூடான ஆக்சில் வெள்ளத்தில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, பிரீதர் வழியாகவோ சீல் வழியாகவோ தண்ணீரை உறிஞ்சிவிடும். ஆழமான தண்ணீரில் ஓட்டியவர்கள் கிலோமீட்டர் கணக்குக்குக் காத்திராமல் உடனே லெவல் பிளக்கைத் திறந்து பார்ப்பது நல்லது.

கேள்வி: இன்ஜின் ஆயில் மீதம் இருக்கிறது. அதை டிஃபரன்ஷியலில் ஊற்றினால் என்ன?

பதில்: ஊற்றாதீர்கள். உள்ளே இருப்பது ஹைப்பாய்டு கியர். கிரவுன் சக்கரம் என்னும் பெரிய பல்சக்கரத்தின் நடுவுக்கு நேராக இல்லாமல், சற்றுத் தாழ்ந்து சேர்கிறது அதைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரமான பினியன். அதனால் பற்கள் உருள்வதோடு ஒன்றின்மேல் ஒன்று பலமாக வழுக்கவும் செய்கின்றன. அந்த அழுத்தத்தில் சாதாரண எண்ணெய்ப் படலம் கிழிந்துவிடும். கியர் ஆயிலில் இருக்கும் கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள்தான் உலோகத்தின் மேல் காப்புப் படலம் அமைக்கின்றன; அழுகிய முட்டை போன்ற அந்த வாடை அங்கிருந்துதான் வருகிறது. டப்பாவில் ஜிஎல்-5 என்ற கியர் ஆயில் தரக் குறியீடு இருக்கிறதா பாருங்கள். 75டபிள்யூ-90, 80டபிள்யூ-90 போன்ற கெட்டித்தன்மை எண்களில் எது என்பதைக் கையேடு சொல்லும். 90 என்றதும் 40 எண் இன்ஜின் ஆயிலைவிட இரண்டு மடங்கு கெட்டி என்று எண்ண வேண்டாம். இரண்டுக்கும் அளவுகோலே வேறு. கெட்டித்தன்மையில் இரண்டும் ஏறக்குறைய அருகருகேதான் இருக்கும்.

கியர்பாக்ஸிலும் இதே ஆயிலை ஊற்றிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சில கியர்பாக்ஸ்களின் பித்தளை வளையங்களை ஜிஎல்-5 அரித்துவிடும்.

கேள்வி: ஆயில் மாற்றிய மறுநாளிலிருந்து மெதுவாகத் திரும்பும்போது பின்னால் கடகடவென்று அதிர்கிறது. என்ன தவறு செய்தேன்?

பதில்: உங்கள் வண்டியில் இருப்பது, ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலாக இருக்கலாம். அதற்குள் கிளட்ச் தட்டுகள் உண்டு; அவை வழுக்க வேண்டிய இடத்தில் ஒட்டி ஒட்டி விடுவதால்தான் இந்தச் சத்தம். அதற்கென்று தனிச் சேர்மானம் இருக்கிறது. சில ஆயில்களில் அது முன்பே கலந்திருக்கும். கையேட்டில் சொன்ன அளவு சேர்த்துவிட்டு, ஆளில்லாத திடலில் மெதுவாகப் பத்துப் பன்னிரண்டு முறை எட்டுப் போடுங்கள். தட்டுகளுக்கு இடையே புது ஆயில் புகுந்ததும் பெரும்பாலும் அடங்கிவிடும்.