போர்ட் ராயல்: பழைய வரைபடம் ஏன் பொருந்தவில்லை

ஜமைக்காவின் போர்ட் ராயலுக்கு 1692க்கு முந்தைய வரைபடத்தை இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் வைத்தால், வடக்கே உள்ள தெருக்கள் தண்ணீரில் விழும். அங்கேதான் விழ வேண்டும்: வரைபடத்தில் தப்பில்லை, ஊர்தான் கடலுக்குள் போய்விட்டது.

அந்த ஊர் நின்றது பாலிசடோஸ் என்ற நீண்ட மணல்திட்டின் நுனியில். அடியில் பாறை இல்லை, நீர் ஊறிய மணல்தான். அதன்மேல் கனமான செங்கல் வீடுகளை நெருக்கிக் கட்டினார்கள். 1692 ஜூன் 7 நிலநடுக்கத்தில் மணல் குழம்பாக இளகி, ஊரின் மூன்றில் இரண்டு பங்கு வடக்கே கிங்ஸ்டன் துறைமுகப் பக்கம் சரிந்து மூழ்கியது. அன்று மட்டும் சுமார் 2,000 பேர் இறந்தார்கள். பல தெருக்களின் சுவர் அடித்தளங்கள் இன்னும் நீருக்கடியில் இருக்கின்றன. அதனால் அந்தப் பழைய வரைபடம் மிகவும் மதிப்புள்ளது.

சரி, எப்படிப் பொருத்துவது? கரையோரத்தை விட்டுவிட்டு ஊரில் இருந்த சார்லஸ் கோட்டையை அடையாளமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். சேதமடைந்தாலும் அது மூழ்கவில்லை. பழைய படத்தில் கடல் சூழ்ந்திருக்கும், இப்போது உள்நிலத்தில் இருக்கும். பிற்பாடு அதைச் சுற்றி மணல் சேர்ந்ததுதான் காரணம். ஆனால் புனித பீட்டர் தேவாலயத்தை அடையாளமாக எடுக்கவே எடுக்காதீர்கள், அது 1720களில் கட்டியது.

ஒரு எச்சரிக்கை: சில நூல்களில் ஜூன் 17 என்று இருக்கும். அது வேறு நிலநடுக்கம் அல்ல. ஆங்கிலேயர் அப்போது ஜூலியன் என்ற பழைய நாட்காட்டியைப் பின்பற்றியதால், இன்றைய நாட்காட்டியோடு வந்த 10 நாள் வித்தியாசம்.