ஸ்டீல் கிட்டாருக்கு அடியில் ஏன் இத்தனை கேபிளும் கப்பியும்?

கேள்வி இது: பழைய ஸ்டீல் கிட்டார்களுக்கு அடியில் பெடல், கேபிள், கப்பி, ஸ்பிரிங் என்று ஒரு தொழிற்சாலையே தொங்குகிறதே, எதற்கு? அப்படி ஒன்று விலைக்கு வந்தால் வாங்கலாமா?

என்னிடம் ஒன்று இருக்கிறது. ஃபெண்டர் கம்பெனியின் 400 மாடல், எட்டுக் கம்பி, நான்கு பெடல். அமெரிக்காவில் நான் இருக்கும் ஊரில், வீட்டைக் காலி செய்து பொருட்களை விற்ற ஒரு குடும்பத்திடம் வாங்கினேன். கொண்டுவந்து கவிழ்த்துப் பார்த்ததும் என் மனைவி கேட்டது, "இது வாசிக்கவா, நெய்யவா?"

ஸ்டீல் கிட்டாரை மல்லாக்கப் போட்டு, கம்பிகள் மேல் ஓர் இரும்புத் துண்டை நகர்த்தி வாசிப்பார்கள். நம் கோட்டுவாத்தியம் மாதிரி. ஒற்றைக் கம்பியில் ராகம் இழுக்க இது சொர்க்கம். கார்டு, அதாவது பல சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில், வாசிக்கும்போதுதான் வம்பு. சாதாரண கிட்டாரில் ஒவ்வொரு விரலும் வேறு வேறு இடத்தில் அழுத்தும். இங்கே இரும்பு நேராக இருப்பதால் எல்லாக் கம்பியையும் ஒரே இடத்தில்தான் தொடும். மேஜர் என்ற வகைக் கார்டாகச் சுருதி சேர்த்திருந்தால் எங்கே நகர்த்தினாலும் மேஜர்தான். இரும்பைச் சாய்த்துப் பிடித்துக் கொஞ்சம் சமாளிக்கலாம், அவ்வளவுதான். அதனால் ஒவ்வொரு சுருதிக்கும் ஒரு கழுத்து (தனிக் கம்பி வரிசை) என்று ஒட்டிக்கொண்டே போனார்கள். ஃபெண்டரின் ஸ்ட்ரிங்மாஸ்டரில் நான்கு கழுத்து வரை உண்டு. தூக்கிப் பார்த்தவருக்குத்தான் தெரியும்.

கழுத்தைக் கூட்டுவதற்குப் பதில் சுருதியையே காலால் மாற்றினால் என்ன? 1930களின் கடைசியில் ஜான் மூர் என்பவரின் வடிவமைப்பில் கிப்சன் கம்பெனி கொண்டுவந்த எலக்ட்ராஹார்ப் இந்த யோசனைதான். பெடல்கள் கருவியின் இடது பின்காலைச் சுற்றி விசிறி மாதிரி விரிந்திருக்கும். இண்டியானாபொலிஸில் ஹார்லின் சகோதரர்கள் மல்டி-கார்டு என்று தங்கள் பங்குக்கு ஒன்று செய்தார்கள். கலிஃபோர்னியாவில் மோட்டார் சைக்கிள் பாகங்களுக்கு வார்ப்பு மாதிரிகள் செய்துகொண்டிருந்த பால் பிக்ஸ்பி, பெடல்களை முன்கால்கள் இரண்டுக்கும் நடுவே வரிசையாக வைத்தார். 1948இல் ஸ்பீடி வெஸ்ட் என்ற ஸ்டீல் கிட்டார்காரருக்கு அவர் செய்து கொடுத்த கருவி பெயர் பெற்றது. இன்றைக்கும் பெடல் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

அதுவரை பெடல் என்பது பெரும்பாலும் கியர் மாற்றுவது மாதிரி. மிதி, சுருதி மாறும், பிறகு வாசி. 1953இல் பட் ஐசக்ஸ் என்ற ஸ்டீல் கிட்டார்காரர், பாடகர் வெப் பியர்ஸின் 'ஸ்லோலி' பாட்டுப் பதிவில் கம்பி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே மிதித்தார். ஒரு கம்பி அப்படியே நிற்க, அதன் பக்கத்தில் இரண்டு கம்பிகள் வழுக்கிக்கொண்டு மேலே ஏறின. இரும்பு இம்மிகூட நகரவில்லை, ஆனால் ஒரு கார்டு இன்னொரு கார்டாக உருகிவிட்டது. அடுத்த வருடம் பாட்டு ஹிட். அமெரிக்க கன்ட்ரி இசைக்காரர்களுக்கு அதற்குப் பிறகு அந்த அழுகை இல்லாமல் முடியாது என்றாகிவிட்டது. கொஞ்ச காலத்தில் பட்டி எம்மன்ஸ் என்ற இன்னொரு ஸ்டீல் கிட்டார்காரர் அந்த ஒரே பெடலின் வேலையை இரண்டு பெடலாகப் பிரித்தார்.

எனக்கு இதில் பிடித்தது இசையைவிட இயந்திரத்துக்கு வந்த சோதனைதான். சத்தமில்லாத இடைவெளியில் சுருதி மாறினால் அது எப்படி மாறியது என்று யாருக்கும் தெரியாது. காது கேட்டுக்கொண்டிருக்கும்போது மாறினால் போகும் வழி, நிற்கும் இடம், திரும்பி வரும் இடம் எல்லாம் அம்பலம். ஒவ்வொரு கம்பியும் பத்துக் கிலோவுக்கு மேல் இழுத்துக்கொண்டிருக்கிறது. சுருதியை ஏற்ற அதன் முனையை இன்னும் இழுக்க வேண்டும். இறக்க, தளர விட வேண்டும். காலை எடுத்ததும் ஒரு ஸ்பிரிங் அதைப் பழைய இடத்துக்கே துல்லியமாக இழுத்து வர வேண்டும். மயிரிழை தவறினாலும் அபஸ்வரம்.

ஃபெண்டர் கண்ட வழி கேபிள். எந்தப் பெடல் எந்தக் கம்பியை இழுக்க வேண்டும் என்பதைக் கொக்கியை மாற்றிப் போட்டே தீர்மானிக்கலாம், அது பெரிய வசதி. ஒரு கேபிள் பிரிந்துபோனபோது கடையில் கிடைத்த மலிவான ஒன்றைப் போட்டேன், தப்பு என்னுடையது. மிதித்தால் முதலில் கேபிள் நீண்டது, அப்புறம்தான் சுருதி ஏறியது. அடுத்து வந்தவர்கள் கேபிளை விட்டு உலோகத் தண்டுக்குப் போனதில் ஆச்சரியமில்லை. பட்டி எம்மன்ஸ் பெயரில் வந்த கருவியில் தண்டு இழுத்தால் சுருதி ஏறும், தள்ளினால் இறங்கும். அதன் ஒலிக்கு உயிரையே விடுவார்கள். அதைச் சரிசெய்யத் தனிப் பொறுமை வேண்டும், எனக்கு இல்லை.

வாங்கலாமா? பார்க்கப் போகும்போது சுருதி காட்டும் கருவியோ செயலியோ எடுத்துப் போங்கள். ஒரு பெடலைப் பத்துத் தடவை மிதித்து விடுங்கள்; கம்பி ஒவ்வொரு முறையும் அதே இடத்துக்குத் திரும்புகிறதா பாருங்கள். பிறகு பெடலை மிதித்தபடியே, அந்தப் பெடலுக்குச் சம்பந்தமில்லாத கம்பியை மீட்டுங்கள். கூடுதல் இழுவையில் உடலே லேசாக வளைந்து அந்தக் கம்பியின் சுருதி இறங்கும். கேபினெட் டிராப் என்பார்கள். கொஞ்சம் இறங்குவது எல்லாக் கருவியிலும் உண்டு. காதுக்கே தெரிகிற அளவு இறங்கினால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். கடைசியாகக் கவிழ்த்துப் பார்த்து, கொக்கியும் ஸ்பிரிங்கும் எண்ணிக்கை குறையாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். என்னுடையதில் இரண்டு ஸ்பிரிங் இல்லை. வீட்டுக்கு வந்துதான் எண்ணினேன்.