பூ பெருத்தும் நடுவில் பொக்கு ஏன்? சூரியகாந்தியின் உரக் கணக்கு

கேள்வி: தென்காசி மாவட்டம் சுரண்டை அருகே ஒரு ஏக்கர் செம்மண்ணில் சென்ற ஆடியில் வீரிய ஒட்டு ரகச் சூரியகாந்தி இறவையில் (நீர் பாய்ச்சி) போட்டேன். அடியுரமாக ஒரு மூட்டை டி.ஏ.பி., பிறகு மூன்று மூட்டை யூரியா. பூ தட்டு அகலம் வந்தது. நடுவில் எல்லாம் பொக்கு, விதைக்குள் பருப்பே இல்லை. எண்ணெய் இல்லை என்று வியாபாரி விலையையும் குறைத்துவிட்டார். உரம் போதவில்லை என்கிறார் கடைக்காரர். இம்முறை கூட்டிப் போடலாமா?

பதில்: கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டும். இறவையில் ஒட்டு ரகத்துக்கு ஏக்கருக்கு ஏறத்தாழ 24 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்) போதும். உங்கள் டி.ஏ.பி.யில் 9 கிலோ, 45 கிலோ யூரியா மூட்டைகள் மூன்றில் 62 கிலோ என ஏறக்குறைய மூன்று மடங்கு கொடுத்திருக்கிறீர்கள். தழைச்சத்து மிகுந்தால் செடி வாளிப்பாக வளரும், முதிர்ச்சி தள்ளிப்போகும், சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சி தேடி வரும். விதையில் புரதம் கூடி எண்ணெய் குறையும். செங்கோட்டைக் கணவாய்க் காற்றில் நெட்டைச் செடி சாய்வதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். கேரளத்திலிருந்து வண்டி வண்டியாக வந்து உங்கள் பக்கத்துப் பூ வயல்களைப் படம் எடுப்பவர்கள் பூவின் அகலத்தை வியக்கலாம். எண்ணெய் ஆலைக்காரருக்கு அதனால் பயன் இல்லை.

நடுப்பூவில் மணி பிடிக்காமல் போவதற்குப் போரான் என்ற நுண்சத்தின் குறைவும் மகரந்தச் சேர்க்கைக் குறைவும் முக்கியக் காரணங்கள். யூரியாவால் இரண்டும் தீராது. வெளிவட்டத்து மஞ்சள் இதழ்கள் விரியும் சமயத்தில் லிட்டருக்கு 2 கிராம் போராக்ஸை (போரான் தரும் உப்பு), முதலில் வெதுவெதுப்பான நீரில் கரைத்து, ஒரு முறை தெளியுங்கள். அளவை மீறினால் அதுவே நஞ்சாகும். பூத்த வயலில் பூச்சிமருந்து அடித்துத் தேனீக்களை விரட்டாதீர்கள். தேனீ குறைவாக இருந்தால் காலை 8 முதல் 11 மணிக்குள், ஒரு நாள் விட்டு ஒரு நாள், மெல்லிய துணியால் பூவை மெதுவாகத் தடவிவிடலாம்.

எண்ணெய்க்குக் கந்தகம் தேவை. டி.ஏ.பி.யில் அது இல்லை, சூப்பர் பாஸ்பேட்டில் உண்டு; ஆகவே மணிச்சத்தை (பாஸ்பரஸ்) சூப்பராகவே அடியில் இடுங்கள். நீங்கள் சொல்லாமல் விட்ட பொட்டாஷ் உரம் ஏக்கருக்கு 40 கிலோ அதனுடன் சேரட்டும். யூரியா மொத்தம் 52 கிலோ: பாதி அடியில், மீதி முப்பதாம் நாளுக்குள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. சென்ற போகம் அதே நிலத்தில் சின்ன வெங்காயம் போட்டுக் பல சத்துகள் கலந்த காம்ப்ளக்ஸ் உரத்தை மூட்டை மூட்டையாகக் கொட்டியிருந்தால், மணிச்சத்துக்கு மேலே சொன்னது பொருந்தாது. மணிச்சத்து எளிதில் நீரோடு போவதில்லை, பெரும்பகுதி மண்ணிலேயே தங்கும். அந்நிலத்தில் சூப்பரைப் பாதியாக்கலாம், மண் பரிசோதனையில் மிகுதி என்று வந்தால் நிறுத்தியே விடலாம். ஆனால் சூப்பரைக் குறைத்தால் கந்தகமும் குறையும் என்பதால் அந்த இடத்தைக் கந்தகம் உள்ள ஜிப்சத்தால் நிரப்ப வேண்டும். தழைச்சத்து மழையிலும் பாசனத்திலும் கரைந்து போய்விடுவதால், வெங்காயத்துக்கு இட்டதை நம்பி யூரியாவை முற்றிலும் விட்டுவிடவும் கூடாது.

மண் பரிசோதனை என்றதும் அரசு தரும் மண்வள அட்டையை எடுத்துக் காட்டுவார்கள். அத்திட்டம் தொடங்கியபோது இறவை நிலத்தில் இரண்டரை எக்டருக்கு ஒரு மாதிரி என்பதே விதியாக இருந்தது. எனவே உங்கள் பெயரில் உள்ள அட்டை பக்கத்து வயலின் மண்ணைப் பற்றியதாக இருக்கக்கூடும். முடிவும் பல நேரம் விதைத்த பிறகே கைக்கு வருகிறது. விதைத்தபின் வரும் அட்டையை வைத்து அடியுரம் இடுவது எப்படி என்று அதிகாரிகள்தான் சொல்ல வேண்டும். கோடையிலேயே உங்கள் வயல் மண்ணை நீங்களே எடுத்துச் சென்று கொடுங்கள்.

இனி கடைக்காரர். யூரியா வேண்டுமானால் இந்தக் குருணையையும் அந்தத் திரவத்தையும் வாங்க வேண்டும் என்று கட்டி விற்பது முறைகேடு. மூட்டையில் அச்சிட்ட விலைக்கு மேல் கொடுக்காதீர்கள், பில் கேளுங்கள், மறுத்தால் வட்டார வேளாண்மை உதவி இயக்குநருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். கைரேகை வைத்து வாங்கும் உரம் உங்கள் பெயரில் எத்தனை மூட்டை பதிவானது என்பதையும் பில்லில் சரிபாருங்கள்.

வியாபாரி எண்ணெய் இல்லை என்றது சோதித்தா, கண்ணால் பார்த்தா? பொக்குக்கு ஒரு கழிவு, எண்ணெய்க்கு மறு கழிவு என்று இரு முறை பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். தூற்றிப் பொக்கை நீக்கி, நன்கு காயவைத்து, எடைபோட்ட பிறகே விலை பேசுங்கள். குறைந்தது இரண்டு வியாபாரிகளிடம் கேளுங்கள்.