கொந்தளிப்பு ஓட்டத்தில் முனைவர் பட்ட ஆய்வு என்றால் என்னதான் செய்வார்கள்?

குழாயைச் சற்றே திறந்தால் தண்ணீர் கண்ணாடிக் கம்பிபோல் விழும்; இது சீரோட்டம். முழுக்கத் திறந்தால் கலங்கிச் சிதறும். அந்த இரண்டாம் நிலைதான் கொந்தளிப்பு. மான்செஸ்டரில் பொறியியல் பேராசிரியராக இருந்த ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ், கண்ணாடிக் குழாயில் ஓடும் நீரில் சாயக் கோடு ஒன்றை விட்டு, அது எப்போது குலைகிறது என்று பார்த்தார். 1883இல் வெளியான ஆய்வு அது.

நம் நாட்டு உதாரணம் இன்னும் சுவையானது. 1950களில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சதீஷ் தவானிடம் சேர்ந்த மாணவர் ரொத்தம் நரசிம்மா. தட்டையான பரப்பின் மேல் காற்று ஓடும்போது, சீரோட்டம் ஒரே நொடியில் கொந்தளிப்பாக மாறுவதில்லை. கொந்தளிப்புத் திட்டுகள் ஆங்காங்கே பிறந்து, வளர்ந்து, ஒன்றோடொன்று கலக்கின்றன. அவை பரப்பெங்கும் பிறக்கலாம் என்ற கருத்து அப்போது இருந்தது. இல்லை, ஒரு குறுகிய பட்டைக்குள்தான் பிறக்கின்றன என்று நரசிம்மா கொண்டார். ஓரிடத்தில் ஓட்டம் எத்தனை பங்கு நேரம் கொந்தளிக்கிறது என்ற அளவீட்டோடு அது நன்றாகப் பொருந்தியது. ஆசிரியரும் மாணவரும் 1958இல் சேர்ந்து எழுதிய கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது.

இன்று பலர் கணினியை நாடுகிறார்கள். ஓட்டத்தின் வேகமும் அளவும் கூடினால் உயர்வதும், திரவத்தின் பிசுக்கு கூடினால் குறைவதும் ரெனால்ட்ஸ் எண். அதை இரட்டிப்பாக்கினால், சிறு சுழலையும் விடாமல் கணக்கிடும் நேரடிக் கணிப்பின் வேலை ஏறத்தாழ எட்டு மடங்காகும்! ஆகவே, காற்றைச் செலுத்தி ஓட்டத்தை நேரில் அளக்கும் காற்றுச் சுரங்க ஆய்வகமும் உள்ள துறையில் சேருங்கள் என்பேன். கணிதத்தில், குறிப்பாகப் புள்ளியியலில், முதலாண்டிலேயே கை பழக வேண்டும்.